சக்கர ஜோசியம்

கை ரேகை பார்த்துப் பலன் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். நடக்கிற நடையைப் பார்த்துச் சொல்லுகிறவர்களும், பல்லி விழுந்த இடத்தைப் பார்த்துச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் விஷயத்தில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதை இங்கே சொல்லி யார் மனத்தையும் புண்படுத்துவானேன்? ஆனால் ஒரே ஒரு ஜோசியத்தில் எனக்குப் பூரண நம்பிக்கை உண்டு. அதுதான் சக்கர ஜோசியம். அதாவது, மோட்டார் வண்டியின் நான்கு சக்கரங்களிலும் படிந்திருக்கும் அழுக்கைப் பார்த்து அந்த வண்டியின் உடம்பு எப்படியிருக்கிறது என்று சொல்லும் சாஸ்திரம்.

"அழுக்கில் என்ன ஐயா சாஸ்திரம்? ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழந்துணியும் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் தெருவெல்லாம் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வீடு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சக்கரத்தைத் தேய்க்கிறார்கள். மறுநாள் சந்தனமும் குங்குமமும் இடுகிறார்கள்; எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்குகிறார்கள். அந்தச் சக்கரம் ஒரு வருஷமாக எழுதி வைத்திருந்த கடிதத்தைப் படிக்காமலே கிழித்துப் போட்டோமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

எனக்கு இந்தச் சாஸ்திரத்தைப் போதித்த குரு, பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் சாலையோரத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு மேஸ்திரி. என் நாவல் ஒன்றில் மோட்டார் பட்டறை ஒன்று வரவேண்டியிருந்தது. அதற்காக நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாம் என்று போனவன், பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தபடி ஒரு வாரத்தைக் கழித்துவிட்டேன். முதலில் என் கண்ணில் பட்டது அங்கே தொங்கிய பலகை. "வண்டியைக் கழுவாமல் கொண்டு வரவும்" என்று அதில் எழுதியிருந்தது.

"இதென்ன மேஸ்திரி, உலகமெல்லாம் சுத்தமாயிருக்கச் சொல்லுகிறது, நீங்கள் இப்படி எழுதி மாட்டியிருக்கிறீர்களே?" என்றேன்.

"ஏனுங்க, டாக்டர்கிட்டப் போறப்போ காய்ச்சலை வீட்டிலேயே வெச்சுட்டுப் போவீங்களா?" என்று கேட்டார் அவர். அதற்குமேல் எனக்குப் பேச வாய் ஏது?

முதல் பாடம் உலர்ந்த அழுக்கைப் பற்றியது. காரின் முன் சக்கரங்களில் கறுப்பாக, மாவு போல ஒரு தூள் படிந்திருக்கிறதே, அதைச் சாலைப் புழுதி என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். அது புழுதி அல்ல. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு ஒன்று உள்ளே இருக்கிறது; அதற்கு டிஸ்க் என்று பெயர். நாம் பிரேக்கை மிதிக்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு பேடுகள் வந்து அதைக் கவ்விக்கொள்கின்றன. ஒவ்வொரு மிதியிலும் பேடும் கொஞ்சம் தேய்கிறது. டிஸ்க்கும் கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்ததுதான் தூள். அதில் பாதிக் கதை இரும்பின் கதை. சூட்டோடு வந்து ரிம்மில் ஒட்டிக்கொள்ளும் இரும்புப் பொடி, மழை பட்டதும் துருப்பிடித்துச் செம்பழுப்பாகிவிடுகிறது. இந்த இரும்பைக் கரைப்பதற்கென்றே இப்போது கடைகளில் ஒரு திரவம் விற்கிறார்கள். தெளித்த சற்று நேரத்தில் சக்கரத்திலிருந்து ஊதா நிறமாக வடிகிறது. இரும்போடு அது சேர்ந்ததற்கு அடையாளம் அந்த நிறம். தெரியாதவர் பார்த்தால் வண்டிக்கு என்னவோ நேர்ந்துவிட்டது என்று பயந்துபோவார்.

முன் சக்கரம் கறுத்தும் பின் சக்கரம் வெளுத்தும் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. பஸ்ஸில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நாம் எல்லோரும் முன்னால் போய்ச் சாய்கிறோம் அல்லவா? வண்டியின் பாரமும் அப்படித்தான் முன்னுக்குச் சாய்கிறது; ஆகையால் நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்கின் தலையில் விழுகிறது. போதாததற்கு, நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் இருப்பது டிரம் பிரேக். அது மூடி போட்ட பாத்திரம் மாதிரி. தேய்ந்த தூளைப் பெரும்பாலும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். புதிதாகப் பேடு மாற்றிய சில நாட்களுக்குத் தூள் சற்று அதிகமாக வரும். உலோகம் அதிகம் கலந்த பேடு கறுப்பாகக் கொட்டும். செராமிக் பேடு வெளிறிய தூளைச் சிறிதளவே விடும். இவையெல்லாம் சுபாவம், வியாதி அல்ல.

"முன்னையும் பின்னையும் ஒப்பிட்டுப் பார்த்தா ஒண்ணும் தெரியாதுங்க. இடத்தையும் வலத்தையும் ஒப்பிடுங்க" என்றார் மேஸ்திரி. இதுதான் அவருடைய மூல மந்திரம். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே வேலை செய்கின்றன. ஒரே அளவு அழுக்காக வேண்டும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அங்கே ஏதோ சங்கதி இருக்கிறது.

உடனே நான், "அப்படியானால் அழுக்கு அதிகமாயிருக்கும் சக்கரத்தில்தான் கோளாறு" என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்துவிட்டவனைப் போல. மேஸ்திரி சிரித்தார். "அதுதாங்க இல்லை. நாலு பேர் இருக்கிற வீட்டிலே ஒருத்தர் சேலை மட்டும் கரியும் எண்ணெயுமா இருந்தா, குற்றம் அவங்க பேர்லயா? மத்தவங்க அடுப்படிக்கே வரலைன்னும் இருக்கலாமில்லைங்க?" என்றார். ஒரு பக்கத்துப் பிரேக் பிடித்த பிடியை விடாமல் தேய்ந்துகொண்டிருந்தால் அந்தப் பக்கம் கறுக்கும். ஆனால் ஒரு பக்கத்துப் பிரேக் வேலையே செய்யாமல் சும்மா இருந்தாலும் இன்னொரு பக்கம் கறுக்கத்தான் கறுக்கும். அழுக்கு நமக்குச் சொல்லுவது 'இங்கே பார்' என்பது மட்டுமே. தீர்ப்பை அது சொல்லுவதில்லை. தீர்ப்புக்கு வேறு சாட்சிகள் வேண்டும். சமதரையில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, தொடாமல் உள்ளங்கையைச் சக்கரத்துக்கு அருகே கொண்டுபோனால் எது கொதிக்கிறது என்று தெரியும். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் எது மறுக்கிறது என்று தெரியும்.

இரண்டாவது பாடம் ஈர அழுக்கு. உலர்ந்த அழுக்கை நாலு நாள் ஒத்திப் போட்டு யோசிக்கலாம். ஈரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ரிம்மின் மேலிருந்து வெளி விளிம்பை நோக்கிக் கோடு கோடாகக் கறுப்புக் குழம்பு சிதறியிருந்தால் அது கிரீஸ். ஆக்ஸில் முனையை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, சக்கரம் சுற்றுகிற வேகத்தில் அது வெளியே விசிறப்பட்டிருக்கலாம். பின் சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டியில், பின்பக்கத்து டயரின் உள்பக்கம் கெட்டியான எண்ணெய் வடிந்து கந்தக நாற்றம் அடித்தால் அது கியர் ஆயில். இவற்றையும் சீக்கிரம் கவனித்தாக வேண்டியதுதான். ஆனால் எல்லாவற்றையும்விடப் பொல்லாதது பிரேக் ஆயில். பார்வைக்கு அது வெகு சாது. புதிதாக இருந்தால் வெளிர் மஞ்சள். பழசானால் தேநீர் நிறம். டயரின் உள்பக்கத்திலும் டிரம்மின் பின்தகட்டிலும் மெல்லிய ஈரமாகக் கசிந்திருக்கும். பட்ட இடத்தில் பெயிண்ட் உப்பி உரியும்.

எண்ணெய் என்று பெயரே தவிர, அது எண்ணெய் ஜாதி அல்ல. நம் கார்களில் வழக்கமாக ஊற்றும் பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். இதை வைத்து மேஸ்திரி ஒரு பரீட்சை செய்து காட்டினார். ஒரு குச்சியால் ஈரத்தைத் தொட்டு, தகர டப்பாவில் இருந்த தண்ணீரில் விட்டார். கிரீஸாகவோ கியர் ஆயிலாகவோ இருந்தால் மேலே மிதந்து வானவில் காட்டும். பிரேக் ஆயிலாக இருந்தால் போன இடம் தெரியாது. போன இடம் தெரியாவிட்டால் வண்டியை அந்த இடத்தை விட்டு ஓட்டக் கூடாது. மெக்கானிக்கை வண்டியிடம் அழைத்து வரவேண்டும். இந்த விதிக்கு அவரிடம் விலக்கே கிடையாது. நாம் மிதிக்கும் மிதியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தூதன் அந்தத் திரவந்தான். தூதன் வழியிலேயே நழுவிவிட்டால் சேதி போய்ச் சேருவது எப்படி?

மூன்றாவது டயரின் அழுக்கு. டயரின் பக்கவாட்டில் பழுப்பு பூத்திருப்பதைக் கண்டு, "பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்" என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும்; அதைத் தடுக்க ரப்பரில் ஒரு ரசாயனம் கலக்கிறார்கள். அது கொஞ்சங் கொஞ்சமாக மேலே வந்து பழுப்பாகப் பூக்கிறது. நோய் அல்ல, மருந்து வெளியே தெரிகிறது; அவ்வளவுதான். சக்கரத்துக்குப் பின்னால் வண்டியின் மேனியில் பளபளப்பாகக் கரும்புள்ளிகள் தெறித்திருந்தால், கழுவின பையன் டயர் பாலிஷை வாரிப் பூசியிருக்கிறான் என்று அர்த்தம். ஆனால், பஞ்சர் ஒட்டுவதற்காகக் கழற்றிய டயரின் உட்புறத்தில் கறுப்பு ரப்பர்த் துகள் குவிந்திருந்தால் அலட்சியம் கூடாது. காற்று இறங்கிய பிறகும் ஓட்டியதனால் டயரின் சுவர் உள்ளே மடங்கி அரைபட்ட மாவு அது. வெளியே டயர் புத்தம் புதிதாகத் தெரியும். அதை நம்பி மறுபடி மாட்டினால் ஒரு நாள் வெடிக்கும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு, "சுவாரசியமான விஷயந்தான், நாவலில் ஒரு பக்கத்துக்கு ஆகும்" என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் ஒரு கார் வந்த பிறகுதான், இந்த அழுக்கில் ஒரு மனிதனுடைய மானம் அடங்கியிருக்கக்கூடும் என்று தெரிந்தது.

கார் ஒரு தென்னந்தோப்புக்காரருடையது. வால்பாறையில் அவருக்கு ஏதோ வியாபாரம். வாரம் தவறாமல் மேலே போய்வருவார். வண்டி ஓட்டியவர் அவரிடம் பதினொரு வருஷமாக இருந்த டிரைவர். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை முன் பேடு தேய்ந்துபோயிற்று. வேறொரு பட்டறையில் அவசரம் அவசரமாக மாற்றி அனுப்பிவிட்டார்கள்; பழைய பேடுகளை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. தோப்புக்காரர் தாமே ஒரு முடிவுக்கு வந்தார். மலை இறங்கும்போது கியரில் இறங்காமல் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குகிறான், அதனால்தான் பேடு தேய்கிறது என்பது அவர் கட்சி. இரண்டாம் தடவைக்கான செலவை டிரைவரின் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொண்டார். அன்றைக்கு மூன்றாவது தடவை.

"பதினோரு வருஷமா வண்டி ஓட்டறான், மேஸ்திரி. இன்னும் இறக்கத்திலே காலை எங்கே வைக்கிறதுன்னு தெரியலை" என்றார் தோப்புக்காரர். டிரைவர் பதில் பேசவில்லை. ஐம்பது வயதுக்காரர். கையிலிருந்த மஞ்சள் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார்.

மேஸ்திரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சக்கரம் நான்கும் வெள்ளிக் கும்பா மாதிரி மின்னின. "தினமும் கழுவறீங்களா, அண்ணா?" என்று டிரைவரைக் கேட்டார்.

"விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கழுவிடுவேனுங்க. அய்யாவுக்கு வண்டி சுத்தமா இருக்கணும்."

"அதான் சாட்சியெல்லாம் சாக்கடையிலே போச்சு" என்றார் மேஸ்திரி. பிறகு தோப்புக்காரரிடம், "பேட்டை இன்னிக்கே மாத்திடறேனுங்க. ஆனா நாலு நாளைக்குத் துணி படாம ஓட்டி, மலைப்பக்கம் போகாம, திருப்பிக் கொண்டாங்க. அப்புறம் கால் குற்றமா, வண்டி குற்றமான்னு பேசுவோம்" என்றார். பேடு மாற்றும்போது அவர் என்னென்ன பார்த்தாரோ, வாயைத் திறக்கவில்லை. தாம் சொல்லி முதலாளி நம்புவதைவிட, முதலாளி தாமே பார்க்கட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

நாலாம் நாள் அவர்கள் வந்தபோது நானும் இருந்தேன். அதற்காகவே ஊருக்குத் திரும்பாமல் தங்கியிருந்தேன். அழுக்கு வண்டியோடு பொள்ளாச்சிக் கடைவீதியில் போய்வந்த வெட்கம் டிரைவரின் முகத்தில் தெரிந்தது. மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் தோப்புக்காரரை வலப்பக்கத்து முன் சக்கரத்திடம் அழைத்துப் போனார். சாம்பல் தூவினாற்போல் லேசான தூள். பிறகு இடப்பக்கம் அழைத்துப் போனார். கரி அடுப்பின் வாய் மாதிரி கறுத்திருந்தது அது.

"காலு ஒண்ணுதானுங்களே, அய்யா. மிதிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே பிடிக்கும்? காலு தப்புப் பண்ணியிருந்தா ரெண்டு சக்கரமும் கறுத்திருக்கணுமே?" என்றார் மேஸ்திரி.

பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கினார். வலது சக்கரம் ஒரு தள்ளுக்குச் சில சுற்றுச் சுற்றிற்று. இடது சக்கரம் கால் சுற்றிலேயே 'கர்' என்று நின்றுவிட்டது. கழற்றிக் காட்டினார். பேடைத் தள்ளும் பிஸ்டனின் வாயை மூடியிருக்கும் சிறிய ரப்பர் வளையம் கிழிந்து, ஈரம் புகுந்து, பிஸ்டன் துருப்பிடித்திருந்தது. மிதித்தால் முன்னே போகிறது. காலை எடுத்தால் பின்னே வர மாட்டேன் என்கிறது. டிரைவர் காலை எடுத்த பிறகும் வண்டி தன் பிரேக்கைத் தானே பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

அந்த நிலையில் வால்பாறையிலிருந்து இறங்குவது என்றால் என்ன? மேலே சுமார் 3,500 அடி உயரம். ஆழியாறு வந்து சேருவதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு டன்னுக்குச் சற்று அதிகமான எடையுள்ள கார் 2,500 அடி இறங்கினால் வெளிப்படும் சக்தி, இரண்டு குடம் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பிரேக் இடைவிடாமல் உரசினாலோ அவ்வளவு சூடும் அந்தச் சிறிய இடத்தில் சேரும். 'டாட் 4' என்ற ரகப் பிரேக் ஆயில் புதிதாயிருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தர விதி. காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து, சுமார் 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி இறங்கி வருகிறது. கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் மிதி மெத்தையில் வைத்த கால் மாதிரி அமுங்கிப்போகும். அந்த வண்டியில் வாரா வாரம் பின் ஸீட்டில் உட்கார்ந்து இறங்கி வந்தவர் சாக்ஷாத் தோப்புக்காரரேதான்.

அவர் வெகு நேரம் அந்தத் துருப்பிடித்த பிஸ்டனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரிடம் அவர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நம் ஊரில் முதலாளிகள் அப்படிக் கேட்டு நான் அதிகம் கண்டதில்லை. "போன மாசம் பிடிச்சதை இந்த மாசம் சேர்த்து வாங்கிக்கோ" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. டிரைவர், "சரிங்க அய்யா" என்றார். பிறகு செய்த முதல் காரியம், மஞ்சள் துணியை எடுத்து அந்தக் கரிச் சக்கரத்தைத் துடைக்கக் குனிந்ததுதான். மேஸ்திரி ஓர் அதட்டல் போட்டு நிறுத்தினார்.

அதட்டியதற்குக் காரணம் இருந்தது. அந்தத் தூளை மேஸ்திரி வாயால் ஊதவும் மாட்டார், காற்றுக் குழாயால் அடிக்கவும் விடமாட்டார். ஈரத்துணியால்தான் ஒற்றி எடுப்பார். முன் காலத்துப் பிரேக்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தது. டிரம்மைத் திறந்து, 'பூ' என்று ஊதிவிட்டு வேலை செய்தவர்கள் அந்த நாரைச் சுவாசித்தார்கள். நுரையீரலுக்கு அது யமன். இன்றைய தூளும் கற்கண்டுப் பொடி அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் நிறைவேற்றிய 'யூரோ 7' விதிகளில் முதல் தடவையாகப் பிரேக் தூளுக்கும் ஓர் எல்லை கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான கார்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். மின்சாரத்தில் மட்டும் ஓடும் கார்களுக்கு 3 மில்லிகிராம். மின்சாரக் கார்கள் மோட்டாரையே கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் பிரேக் தூள் அவற்றில் குறைவு.

டயர்த் தூளின் கதையும் இப்படித்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மழை பெய்தவுடன் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடுமுன்னே செத்து மிதந்தன. வெகு காலம் காரணம் புரியவில்லை. 2020-ல் கண்டுபிடித்தார்கள். டயரைப் பாதுகாக்கக் கலக்கும் ரசாயனம் ஒன்று ஓசோனோடு சேர்ந்து வேறொரு பொருளாக மாறி, சாலைத் தண்ணீரோடு ஓடையில் கலந்திருக்கிறது. டயருக்கு மருந்து; மீனுக்கு விஷம். நாம் கழுவிவிட்டதும் கதை முடிந்துவிடுவதில்லை என்பதற்காகவே இதையும் சொன்னேன்.

கழுவவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தாராளமாகக் கழுவுங்கள். ஆனால் குழாயைத் திறப்பதற்கு முன் ஒரு தரம் வண்டியைச் சுற்றி வாருங்கள். குனிந்து, இடத்தை வலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டயரின் உள்பக்கத்தையும் எட்டிப் பாருங்கள். சந்தேகமாயிருந்தால் கைபேசியில் ஒரு படம் எடுத்து உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இரண்டு நிமிஷ வேலை. உங்கள் வண்டியை வேறொருவர் ஓட்டுகிறவராயிருந்து, அவர்மேல் உங்களுக்கு ஏதாவது கோபமும் இருக்குமானால், அந்த இரண்டு நிமிஷத்தை நாலாக்கிக்கொள்ளுங்கள். சந்தனம் குங்குமம் அதற்குப் பிறகு இடலாம், சக்கரம் காத்திருக்கும்.